நூற்றுக்கு முப்பத்தொன்று

6 ஜனவரி

அன்புத் தங்கைக்கு,

நான் நலம், அண்ணியும் நலம். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை.

போனில் பேசினால் உனக்குப் பேச இடமே தருவதில்லை என்று புகார் சொல்லிக் கடிதம் கேட்டாயே, இதோ.

செய்தி இதுதான். என் எண் கிடைத்துவிட்டது. நூற்றுக்கு முப்பத்தொன்று. உனக்குப் புரியும்படி சொல்ல முயல்கிறேன், புரியாவிட்டால் என் தப்பில்லை. கிருமியை அடையாளம் கண்டு அடிக்கிற டி செல்கள் தைமஸ் என்ற சுரப்பியில் வளர்கின்றன. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேல் படுத்திருக்கும் சதை அது. ஒவ்வொரு செல்லும் எதிரியைத் தொட்டுப் பார்க்க ஓர் ஏற்பியைச் செய்துகொள்ளும். ஒரு செல்லுக்கு ஓர் ஏற்பி என்பது பாடப்புத்தகம். ஆனால் சில செல்கள் இரண்டைச் சுமந்துகொண்டு வெளியே வருகின்றன. நூற்றுக்கு எத்தனை செல்கள் என்பதில்தான் சண்டை. மற்ற மேதைகள் எல்லாம் பத்து என்றும் பதினைந்து என்றும் எழுதியிருக்கிறார்கள். எண்ணத் தெரியாதவர்கள்.

ஒரே தொல்லை, தைமஸ் கிடைப்பதில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்யும்போது வழியை மறைக்கிறது என்று அதில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். குப்பைக்குப் போகவேண்டியது. பெற்றவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் என் லேபுக்கு வரும். அந்த ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் எனக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை. ஆனால் இதுவரை ஐந்துதான் சேர்ந்தது. கட்டுரைக்கு ஆறு வேண்டும். "எங்க புள்ள ஒடம்புல இருந்து எடுத்தத எதுக்குங்க குடுக்கணும்?" என்று கேட்கிறார்கள். குப்பைக்குக் கொடுப்பார்கள், எனக்குக் கொடுக்க மாட்டார்கள். இந்த ஜனங்களுக்காகத்தான் நான் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன்.

நீ இன்னும் விதைக் கம்பெனியில் விதை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாயா? உன் லாரிக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


21 ஜனவரி

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? மாடி ஏறவேண்டாம் என்று சொல். ஏறவைக்காதே என்று உன்னிடமும் சொல்கிறேன். அவர் லோடு ஏற்றிப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருவார்.

விதையை நான் எண்ணுவதில்லை. எண்ணுவது மெஷின், மெஷினைப் பார்த்துக்கொள்வது நான். மேலே கொட்டினால் விதை ஒவ்வொன்றாகச் சரிந்து கேமராவுக்கு முன்னால் விழும். நிறம் மாறியிருந்தால் காற்று ஊதித் தள்ளிவிடும். போன மாதம் புது மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நூத்துக்கு இருவது வெத ரெண்டு கலர்ல இருக்கும்மா, புது ரகம் கெடச்சிருச்சு!" என்றார். தட்டில் கொட்டிப் பார்த்தேன். வெள்ளை விதை ஒன்றும் கறுப்பு விதை ஒன்றும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாக விழுந்திருக்கின்றன. காயவைத்து இரண்டு தரம் சலித்தேன். புது ரகம் போன இடம் தெரியவில்லை. மேனேஜரும் இரண்டு நாள் என் பக்கம் வரவில்லை.

உன் செல்களை எண்ணுவதும் ஒரு மெஷின்தானே, அதில் அப்படி ஒட்டிக்கொள்ளாதா? சும்மா கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டால் அப்புறம் அந்தக் குழந்தை என்ன ஆகும்? அது இல்லாமல் இருந்துவிட முடியுமா?

பாப்பா குப்புற விழுகிறாள், திரும்பத்தான் தெரியவில்லை.

தங்கை


3 பிப்ரவரி

தங்கைக்கு,

இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் விதைக் கதையை லேபில் படித்துக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நத்தை மட்டும் சிரிக்கவில்லை. நத்தை என்பது என் லேப் உதவியாளருக்கு நான் வைத்த பெயர். வேலையில் அவ்வளவு வேகம். "அந்தம்மா கேக்கறது சரிதான சார்?" என்றாள். சரிதான் என்றால் நீ போய் விதை சலி என்றேன்.

உனக்கும் அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சிறு வயது செல் தைமஸுக்குள் வந்ததும் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி ஏற்பி செய்கிறது. ஏற்பிக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு இழை. இரண்டுக்கும் அப்பா வழிப் பிரதி ஒன்று, அம்மா வழிப் பிரதி ஒன்று கையில் இருக்கும். பீட்டாவில் ஒரு பிரதி சரியாக அமைந்ததும் மற்றதற்குப் பூட்டு விழுந்துவிடும். ஆல்ஃபாவுக்கு அந்தப் பூட்டு இல்லை. பரீட்சை தேறும்வரை இரண்டு பிரதியும் வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சில செல்லுக்கு இரண்டு ஆல்ஃபா, இரண்டு ஏற்பி.

பரீட்சை கடுமையானது. சொந்த உடம்பை இறுகப் பிடித்தால் சாவு. தொடவே தெரியாவிட்டாலும் சாவு. பதமாகத் தொட்டால் தேர்ச்சி. நூற்றில் ஐந்து தேறினால் அதிகம். இரண்டு ஏற்பி உள்ளவன் ஒன்றைக் காட்டித் தேறிவிடுவான், இன்னொன்று சரியாகச் சோதிக்கப்படாமலே சட்டைப் பைக்குள் வந்துவிடும். அது பின்னாளில் சொந்த உடம்பையே அடித்தாலும் அடிக்கலாம், யாரும் பிடிக்காத கிருமியைப் பிடித்தாலும் பிடிக்கலாம். ஒரு வகை ஆல்ஃபாவுக்குப் பச்சைச் சாயம், இன்னொரு வகைக்குச் சிவப்பு. லேசர் முன்னால் ஒரு செல் வரும்போது இரண்டும் ஒளிர்ந்தால் அது இரட்டை.

ஒட்டிய ஜோடி எங்களுக்கும் தெரியும் தாயே. ஜோடி அகலமாகத் தெரியும், திரையில் ஒரு கட்டம் போட்டு அதை ஒதுக்கிவிடுவோம். நான் கட்டத்தைக் கொஞ்சம் தளர்வாக வைத்திருக்கிறேன். தைமஸில் பிரியப்போகும் பெரிய செல்கள் உண்டு, இறுக்கினால் அவையும் போய்விடும். இருபது வருட அனுபவம் இது. உன் மேனேஜர் ஓடிவந்த மாதிரி நான் யாரிடமும் ஓடியதில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. போதுமான டி செல்கள் அதற்குள் வெளியே வந்திருக்கும், மிச்சத் துண்டு மீதி வேலையைப் பார்க்கும். உடம்பிலுள்ள எண்ணிக்கை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உனக்கு எதற்கு இந்தக் கவலை, யாரோ பெற்ற பிள்ளை. நாற்பது வயதில் ஒன்றைப் பெற்றதிலிருந்து ஊரிலுள்ள பிள்ளைக்கெல்லாம் நீ அம்மாவாகிவிட்டாய். அன்றைக்கே சொன்னேன், கேட்டாயா.

அண்ணன்


9 பிப்ரவரி
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அண்ணா,

யாரோ பெற்ற பிள்ளை இல்லை. என் பிள்ளை.

அழுதால் உதடு நீலமாகிறது. அவளுக்கு நான்கு மாதம் ஆனபோதே தெரிந்துவிட்டது. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகிற குழாயும் குறுகல். மார்ச் பத்தாம் தேதி ஆபரேஷன், உன் பக்கத்து ஆஸ்பத்திரியில்தான். இவ்வளவு சின்னக் குழந்தைக்குச் செய்ய இந்தப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. டாக்டர் விவரம் சொன்னபோது தைமஸ் என்று ஒரு வார்த்தை வந்தது. என் அண்ணனுக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப அவரையே கேளுங்களேன்" என்றார். கேட்டேன். நீயும் பதில் எழுதிவிட்டாய், உனக்கே தெரியாமல்.

பயமாக இருக்கிறது. அவர் லாரியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருக்கிறார், அவள் தூங்கும்போது மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார். உன்னிடம் சொல்லலாம்தான். ஆனால் அவள் பிறந்த அன்று போனில் நீ வாழ்த்துச் சொல்லவில்லை, "ஒனக்கு எதுக்கு இந்த வயசுல இந்த வேல?" என்றாய். இப்போது சொன்னால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் கத்தி படத்தான் போகிறது. அதற்கு முன்னால் உன் வாய் படவேண்டாம்.


10 பிப்ரவரி

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். நீயும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கத்துக்கு நன்றி. புரிந்தது. கட்டத்தைத் தளர்வாக வைத்ததால் முப்பத்தொன்றா, முப்பத்தொன்று வேண்டும் என்று தளர்வாக வைத்தாயா என்பது மட்டும் புரியவில்லை. இறுக்கியும் ஒரு தரம் பார்த்துவிடேன். எங்கள் மேனேஜர்கூடக் கடைசியில் பார்த்தார்.

அந்தக் கையெழுத்துத் தாளில் என்ன எழுதியிருக்கும்? குழந்தையின் பெயர் இருக்குமா?

தங்கை


26 பிப்ரவரி

தங்கைக்கு,

நலத்துக்குக் குறைவில்லை. வேலைதான் கழுத்தை நெரிக்கிறது.

நீ எனக்குக் கட்டம் போடச் சொல்லித்தருகிறாய். காலம் கெட்டுவிட்டது. அடுத்து உன் லாரிக்காரர் எனக்கு லேசர் ஓட்டக் கற்றுத்தருவார் போலிருக்கிறது.

தாளில் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா, எத்தனை மாதம், ஒரு எண். அவ்வளவுதான் எனக்கு வரும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதனால எங்க பாப்பாவுக்கு ஏதாவது நல்லது நடக்குமா சார்?" என்று கேட்பார்களாம். நர்ஸ் வந்து சொல்வாள். இவர்கள் பாப்பாவுக்கு நல்லது நடக்கவா உலகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது?

மார்ச் கடைசிக்குள் ஆறாவது துண்டு வந்துவிட்டால் கட்டுரையை அனுப்பிவிடுவேன். இருபது வருடம் என்னை ஒரு ஓரத்தில் உட்காரவைத்தவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த எண்ணுக்கு என் பெயர்தான் இருக்கும். உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

அண்ணன்


13 மார்ச்

தங்கைக்கு,

நீ எழுதி ஒரு மாதம் ஆகிறது. சௌக்கியத்தால் கை ஓயவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆறாவது துண்டு வந்தது, வந்தும் பயனில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு நானேதான் ஐஸ் பெட்டியை வாங்கப் போனேன். இவர்களை நம்பினால் பெட்டி வெயிலில் கிடக்கும். அந்த வராந்தாவை நீ பார்க்கவேண்டும். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி தரையெல்லாம் ஆட்கள், பை, செருப்பு, ஃபிளாஸ்க். ஒருத்தி கதவோரம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். தாண்டிப் போகவும் முடியவில்லை. "கால மடக்கும்மா, இதென்ன ஒன் வீடா?" என்று ஒரு சத்தம் போட்டேன், மடக்கினாள். இவர்களிடம் இதமாகப் பேசினால் வேலைக்காகாது.

எட்டு மாதப் பெண் என்று சீட்டில் இருந்தது. நல்ல துண்டு, இளஞ்சிவப்பாக, கட்டைவிரல் அளவு. எனக்கு மீட்டிங் இருந்ததால் நத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். நான் பக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிக்கவைப்பேன். அவள் மாலைவரை இழுத்திருக்கிறாள். ஒட்டாமலிருக்க மருந்து போட்டாளாம், இரண்டு தரம் சலித்தாளாம். யாரைக் கேட்டுச் செய்தாள்? கடைசியில் திரையில் என்ன வந்தது தெரியுமா? பதினொன்று. முப்பத்தொன்று வரவேண்டிய இடத்தில் பதினொன்று!

துண்டு கெட்டுவிட்டது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வெட்டி எடுத்தபின் நேரங்கழித்து ஐஸில் வைத்திருப்பார்கள், அல்லது குழந்தையே சீக்குக் குழந்தையாக இருக்கும். மீதியை ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பச் சொன்னேன், பதிவையும் அழிக்கச் சொன்னேன். "சார், ஒரு தடவ பழைய அஞ்சையும் இதே மாதிரி..." என்று ஆரம்பித்தாள். போதும் என்றேன்.

ஐந்தை வைத்தே கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன்.

அண்ணன்


2 ஏப்ரல்

தங்கைக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போன் போட்டால் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. உங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இருக்காது, எனக்குத் தெரியும். கோபம். விதைக் கதையைப் பார்த்துச் சிரித்ததற்கு இவ்வளவு ரோஷமா? சரி, சிரித்தது தப்பு என்றே வைத்துக்கொள். எழுது.

அண்ணன்


11 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

நேற்றுத்தான் வீடு திரும்பினோம். கதவைத் திறந்தால் உன் இரண்டு கடிதமும் காலடியில் கிடந்தன. ஒரு மாதம் உன் ஊரில்தான் இருந்தோம்.

வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

முகத்தில் மாஸ்க், தலையில் அவர்கள் கொடுத்த துணித் தொப்பி, சரி. காலை மட்டும்தான் நீ பார்த்தாய். அந்தக் காலையாவது பார்த்திருக்கலாம். நீ ஓட்டிய சைக்கிளின் செயினில் மாட்டிக் கட்டைவிரல் நகம் போன கால் அது, இன்றைக்கும் பாதி நகம்தான். இரவெல்லாம் அவளைத் தோளில் வைத்து நடந்ததில் கால் வீங்கி மடங்கவில்லை, அதனால் நீட்டியிருந்தேன். நீ சொன்னதும் மடக்கிக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டிய உன் மாப்பிள்ளை கீழே ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். இருந்திருந்தால் உனக்கு வணக்கம் சொல்லியிருப்பார், அவருக்கு அந்தப் புத்தி உண்டு.

உன் கையில் நீலப் பெட்டி இருந்தது. எட்டு மாதப் பெண், செவ்வாய்க்கிழமை காலை. அது உன் தங்கை மகள். தாளில் கையெழுத்துப் போட்டது நான். நீ திட்டிய ஜனங்களில் ஒருத்தியாக இருக்கவேண்டாம் என்று நர்ஸ் கேட்பதற்கு முன்பே போட்டேன். தாய்மாமன் கையில்தான் போகிறது என்று, நீ சத்தம் போட்ட அடுத்த நிமிஷம்கூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீ அதை மஞ்சள் பையில் போட்டுவிட்டாய். கெட்ட துண்டு, சீக்குக் குழந்தை. இல்லை அண்ணா. நர்ஸ் என்னிடம் சொன்னாள், எடுத்த அடுத்த நிமிஷமே ஐஸில் வைத்தார்களாம். துண்டில் ஒரு கோளாறும் இல்லை. நீ அங்கே இல்லாததால், சலிக்கத் தெரிந்த ஒருத்தி நிதானமாகச் சலித்திருக்கிறாள். எனக்கு உன் படிப்பில் கால்வாசி கிடையாது. ஆனால் ஐந்து மூட்டை ஒரு கணக்கும் ஆறாவது மூட்டை வேறு கணக்கும் காட்டினால், ஆறாவதைக் கொளுத்துவதற்கு முன்னால் மெஷினைத் திறந்து பார்ப்பேன். எங்கள் மேனேஜரை முட்டாள் என்று நினைத்திருந்தேன். அவர் தட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். உனக்கு அந்த அளவுகூட இல்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் எங்கள் சுகத்தை நீயே எழுதிக்கொண்டாய். கேள்வியாக ஒரு தரமும் கேட்கவில்லை. அதனால் இப்போதும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த ஒரு தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


24 மே

தங்கைக்கு,

பாப்பா எப்படி இருக்கிறாள்?

இந்த ஒரு வரியை எழுத ஆறு வாரம் ஆயிற்று. நேரில் வந்து கேட்டிருக்கலாம். ஸ்டேஷன்வரை இரண்டு தரம் வந்து திரும்பினேன். அண்ணி உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள், "காலப் பாத்தீங்கல்ல, மொகத்தப் பாக்க என்ன கேடு?" என்றாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் பழைய ஐந்து பதிவையும் திறந்து, கட்டத்தை இறுக்கிப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. பன்னிரண்டு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. பெரிய செல்கள் ஓரத்தில் கொஞ்சம் இருந்தன. மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்ட ஜோடி. என் முப்பத்தொன்றில் இருபது உன் மேனேஜரின் புது ரகம். நான் எண்ணத் தெரியாதவர்கள் என்று எழுதினேனே, அவர்கள் எண்ணியதுதான் சரி.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். லேபில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். அன்றைக்கு உன் கடிதத்துக்குச் சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அதிக அவமானமாக இருந்தது. என்னைப் போன்ற ஒரு தடிமாட்டை இருபது வருடம் ஓரத்தில் உட்காரவைத்தவர்களுக்கு விவரம் இருந்திருக்கிறது.

ஆறில் முதலிலேயே சரியாக வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் இல்லை. துண்டு எரிந்துவிட்டது. பதிவையாவது வைத்திருப்பாளோ என்று நத்தையிடம் ஓடினேன். "நீங்க அழிக்கச் சொன்னீங்களே சார், அழிச்சிட்டேன்" என்றாள். அவள் நோட்டில் மட்டும் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது. எட்டு மாதம், பெண், இரண்டு முறை சலித்தது, பதினொன்று. அந்தப் பக்கத்தை நான் தொடவில்லை. அவளை இனி நத்தை என்று கூப்பிடுவதும் இல்லை.

மன்னிப்பு என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் எழுதவில்லை. வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

அண்ணன்


1 ஜூன்

அண்ணாவுக்கு,

நீ கேட்டதால் சொல்கிறேன். தேறிவிட்டாள். நெஞ்சில் ஒரு கோடு இருக்கிறது, உதட்டில் நீலம் இல்லை. போன வாரம் ஒரு காய்ச்சல் வந்தது, மூன்று நாளில் போயிற்று. மிச்சத் துண்டு வேலை செய்கிறது போலிருக்கிறது, நீ எழுதியதில் அது ஒன்று சரி. இப்போது குப்புற விழுந்தால் திரும்பவும் தெரிகிறது.

பென்சிலால் எழுதிய அந்த வரியை அந்தம்மாவிடமே விட்டுவை. ஐஸ் பெட்டியை இனி அந்தம்மாவையே போய் வாங்கச் சொல். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து நடக்க அந்தம்மாவுக்குத் தெரியும்.

வா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கு ஏற மாடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உன் மாப்பிள்ளையும் வீட்டில் இருப்பார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நான் காலை நீட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். இது என் வீடு. நீ சுற்றிக்கொண்டு வா.

தங்கை